வாயின் காவல்: ஹெச்.ஐ.வி. கலைப்பதும் மருந்து மீட்பதும்

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு மிக அரிதான ஒரு வகை நிமோனியா வந்திருக்கிறது, இருவர் இறந்துவிட்டார்கள் என்பது செய்தி. எய்ட்ஸின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்த நிமோனியா. அதே குறிப்பில், ஐந்து பேருக்குமே சளிச்சவ்வில் கேண்டிடா பூஞ்சைத் தொற்று இருந்தது என்ற வரியும் இருக்கிறது. அதை அதிகம் பேர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தப் பூஞ்சை வாயில் பெருகினால் நாக்கிலும் அண்ணத்திலும் மாவு படிந்ததுபோல ஒரு வெண்படலம் தெரியும். வழித்தால் வந்துவிடும், அடியில் சிவந்த புண் தெரியும். கைக்குழந்தைகளுக்கும், பல் செட் போட்ட முதியவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் வரக்கூடியதுதான் இது. நடு வயதில், வேறு குறையில்லாத ஒருவருக்கு வந்தால்தான் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து, பரிசோதனைக்காக வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அடுத்து வந்த ஆண்டுகளில் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையின் வார்டுகள் இந்த நோயாளிகளால் நிரம்பின. ஹெச்.ஐ.வி. குறிவைக்கும் நோயெதிர்ப்புச் செல்களான சிடி4 செல்களை எண்ணும் கருவி எல்லா ஊரிலும் இல்லாத காலம் அது. ஒரு டார்ச் விளக்கு, நாக்கை அழுத்திப் பிடிக்க ஒரு தட்டைக் குச்சி, இவ்வளவுதான் கையில். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தே நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஓரளவு கணித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் ஹெச்.ஐ.வி.யை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. வாய்க்கோடியில் வெடிப்பும், திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண்ணும் இரண்டாம் நிலை. விடாமல் நிற்கும் வெண்படலம் மூன்றாம் நிலை. அதே பூஞ்சை உணவுக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் நான்காம் நிலை. சென்னைப் பல் மருத்துவர்களும் ஹெச்.ஐ.வி. மருத்துவர்களும் சேர்ந்து 300 பேரின் வாயைப் பரிசோதித்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் முன்னால் நின்றவை ஈறு அழற்சியும் இந்த வெண்படலமும்தான்.

சரி, ஏன் வாய்? பூஞ்சை நம் குடலிலும் இருக்கிறது, பிறப்புறுப்பிலும் இருக்கிறது. ஹெச்.ஐ.வி. முற்றிய நிலையில்கூடக் கேண்டிடா ரத்தத்தில் பரவி உயிரை எடுப்பது அரிது. அப்படிப் பரவுவதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் சரிந்தவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். ஹெச்.ஐ.வி. உள்ளவரிடமோ அது வாயோடும் தொண்டையோடும் நிற்கிறது. இந்தப் புதிருக்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. கிடைத்தபோது அது வாயின் காவல் எப்படி வேலை செய்கிறது என்பதையே நமக்குச் சொல்லிக் கொடுத்தது.

முதலில் எச்சில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. ஓயாமல் ஊறி, கிருமிகளை ஒட்டவிடாமல் கழுவி விழுங்க வைப்பதே அதன் பெரிய வேலை. அதில் லைசோசைம் இருக்கிறது, இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடும் லாக்டோஃபெர்ரின் இருக்கிறது, பூஞ்சைக்கென்றே அமைந்ததுபோன்ற ஹிஸ்டாட்டின்கள் இருக்கின்றன, ஐஜிஏ எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. அடுத்தது வாயின் உட்தோல். பல அடுக்குச் செல்களால் ஆன இந்தச் சுவர் வெறும் தடுப்பாக மட்டும் நிற்பதில்லை. டிஃபென்சின் என்ற சிறு புரதங்களைத் தானே தயாரித்து வீசும். அதற்கும் கீழே நோயெதிர்ப்புச் செல்கள் காத்திருக்கின்றன.

கேண்டிடா நம்மில் ஏறத்தாழ பாதிப் பேர் வாயில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கிறது. உருண்டையான ஈஸ்ட் வடிவில் இருக்கும்வரை உடல் அதைக் கண்டுகொள்வதில்லை. நூல் போல நீண்டு சுவரைத் துளைக்கத் தொடங்கும்போது நிலைமை மாறுகிறது. அந்த நூல் வடிவம் கேண்டிடலைசின் என்ற நச்சைச் சுரக்கிறது என்று 2016இல்தான் கண்டறிந்தார்கள். செல்லின் சவ்வில் ஓட்டை போடும் நச்சு இது. ஓட்டை விழுந்ததும் உட்தோல் செல்கள் அபாயக் குரல் எழுப்புகின்றன. அந்தக் குரலைக் கேட்டு வருபவற்றில் முக்கியமானவை சிடி4 செல்களில் ஒரு வகையான, டிஹெச்17 என்ற உதவி டி செல்கள். இவை ஐஎல்-17, ஐஎல்-22 என்ற சமிக்ஞைப் பொருள்களை வெளியிடும். ஐஎல்-17 வந்ததும் உட்தோல் டிஃபென்சின் உற்பத்தியைக் கூட்டுகிறது, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் அந்த இடத்துக்கு ஓடி வருகின்றன. ஐஎல்-22 காயமான சுவரைப் பழுது பார்க்கிறது.

இந்த விளக்கம் சரிதானா என்பதை இயற்கையே சோதித்துக் காட்டியிருக்கிறது. பிறவியிலேயே ஐஎல்-17 வழியில் மரபணுக் கோளாறு உள்ள சில குடும்பங்கள் உலகில் உண்டு. அவர்களுக்கு ஹெச்.ஐ.வி. கிடையாது, சிடி4 எண்ணிக்கையும் குறையவில்லை. ஆனாலும் வாயிலும் தோலிலும் நகத்திலும் கேண்டிடா ஓயாமல் வந்துகொண்டிருந்தது. 2011இல் இந்தக் கோளாறு வெளிச்சத்துக்கு வந்தபோது பழைய புதிரும் அவிழ்ந்தது. ரத்தத்தைப் பூஞ்சையிடமிருந்து காப்பது நியூட்ரோஃபில்கள். வாயைக் காப்பதில் டிஹெச்17க்குப் பெரும் பங்கு. ஹெச்.ஐ.வி. நியூட்ரோஃபில்களை அவ்வளவாகத் தொடுவதில்லை, அதனால் ரத்தம் தப்புகிறது. டிஹெச்17ஐத் தொடுகிறது, அதனால் வாய் விழுகிறது.

ஏன் குறிப்பாக டிஹெச்17? ஹெச்.ஐ.வி. ஒரு செல்லுக்குள் நுழைய அதன் மேலிருக்கும் சிடி4 என்ற புரதம் மட்டும் போதாது, சிசிஆர்5 என்ற இன்னொரு கைப்பிடியும் வேண்டும். சளிச்சவ்வுகளில் வசிக்கும் டிஹெச்17 செல்களின் மேல் அந்தக் கைப்பிடி தாராளமாக இருக்கிறது. இன்னும் நுணுக்கமான ஒரு கண்டுபிடிப்பும் உண்டு, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது அதுதான். நம் டி செல்களில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கிருமியை நினைவில் வைத்திருக்கும். கேண்டிடாவை நினைவில் வைத்த செல்களையும் சைட்டோமெகலோ வைரஸை நினைவில் வைத்த செல்களையும் பிரித்தெடுத்து, இரண்டையும் ஹெச்.ஐ.வி.யோடு விட்டுப் பார்த்தார்கள். கேண்டிடா செல்கள் எளிதில் வைரஸுக்கு இரையாயின. மற்றவை ஓரளவு தாக்குப்பிடித்தன. காரணம், அவை தாமே ஒரு பொருளைச் சுரந்து சிசிஆர்5 கைப்பிடியை மூடி வைத்துக்கொள்கின்றன. மருத்துவமனையில் பார்க்கும் வரிசை இதோடு அப்படியே பொருந்துகிறது. சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கும் காலத்தில், சில சமயம் அதற்கு முன்பேகூட, வாயில் வெண்படலம் வந்துவிடும். சைட்டோமெகலோ வைரஸ் கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் எண்ணிக்கை 50க்கும் கீழே போன பிறகு.

டிஹெச்17 போனபின் உடல் கைகட்டி நிற்பதில்லை. சிடி8 என்ற இன்னொரு வகை டி செல்கள் வாய்க்கு வந்து சேர்கின்றன. ஆனால் புண் உள்ளவர்களின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், அவை பூஞ்சை இருக்கும் மேல் அடுக்குக்குப் போகாமல் உட்தோலின் அடிவாரத்திலேயே கூடி நிற்பது தெரிகிறது. மேலே ஏறிப்போகப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் அந்தத் திசுவில் குறைந்திருக்கிறது. உதவிக்கு வந்தவர்கள் மாடிப்படி உடைந்த வீட்டின் வாசலிலேயே நிற்பதுபோல.

நாக்கின் ஓரங்களில் வரும் இன்னொரு வெண்மை உண்டு. இது வழித்தால் வராது, நெடுக்குவாக்கில் மடிப்பு மடிப்பாக இருக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவின் கிரீன்ஸ்பான் தம்பதி 1984இல் இதை முதலில் விவரித்தார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸின் வேலை இது. நம்மில் பெரும்பாலோர் உடலில் வாழ்நாள் முழுக்கத் தூங்கும் வைரஸ், காவல் தளர்ந்ததும் நாக்கில் எழுந்து வருகிறது. வலி கிடையாது, பெரும்பாலும் தனியாக மருந்தும் தேவையில்லை. அப்புறம் ஈறு. பற்களுக்கு இடையிலான ஈறு முனைகள் அழுகி, ரத்தம் கசிந்து, பொறுக்க முடியாத வலியும் நாற்றமும் தரும் ஒரு தீவிர ஈறு நோயும் ஹெச்.ஐ.வி. முற்றிய வாய்களில் வந்தது.

இத்தனை சேதம் நடக்கும் இதே வாய்தான் ஹெச்.ஐ.வி. பரவுவதற்கு மிகக் கடினமான இடமாகவும் இருக்கிறது. நம் ஊரில் இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். எச்சில் என்றாலே நமக்குள் ஒரு விலகல் உண்டு. எச்சில் தட்டு, எச்சில் டம்ளர் என்று பிரித்துப் பழகிய வீடுகளில், ஹெச்.ஐ.வி. உள்ள மகளுக்கோ மருமகனுக்கோ தனித் தட்டு வைத்த கொடுமை எத்தனையோ நடந்திருக்கிறது. எச்சிலால் ஹெச்.ஐ.வி. பரவாது. எச்சிலில் எஸ்எல்பிஐ என்ற புரதம் இருக்கிறது, அது ஹெச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கிறது என்று 1995இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். தவிர, எச்சிலின் உப்புச் செறிவு ரத்தத்தைவிட மிகக் குறைவு. வைரஸைச் சுமந்த வெள்ளணு ஒன்று எச்சிலில் விழுந்தால், தண்ணீர் உள்ளே புகுந்து அது ஊதி வெடித்துவிடும். பெரியவர்களின் வாய் உட்தோல் சுரக்கும் டிஃபென்சின்களும் உள்ளே நுழையும் வைரஸைச் செயலிழக்கச் செய்கின்றன. குழந்தைகளிடம் இந்தப் பாதுகாப்பு முழுதாக வளர்ந்திருக்காது, உட்தோலும் மெல்லியது, டிஃபென்சினும் குறைவு. தாய்ப்பால் வழியாகத் தொற்று ஏற்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. தாய் ஒழுங்காக மருந்து எடுத்து வைரஸ் அடங்கியிருந்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

எச்சிலில் வைரஸ் மிகச் சொற்பம் என்றாலும் ஹெச்.ஐ.வி.க்கு எதிரான எதிர்ப்பொருள்கள் வாய்த் திரவத்தில் போதுமான அளவு இருக்கின்றன. ஈறோரமாக ஒரு பட்டையைத் தடவி 20 நிமிடத்தில் முடிவு பார்க்கும் சோதனை அதை நம்பித்தான் இயங்குகிறது. 2012இல் அமெரிக்காவில் அதை வீட்டிலேயே செய்துகொள்ளவும் அனுமதித்தார்கள்.

இனி மருந்தின் கதை. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை மேற்கு நாடுகளில் வந்தது. வாயில் அதன் விளைவு கண்கூடாகத் தெரிந்தது. வெண்படலம் குறைந்தது, நாக்கோர மடிப்புகள் குறைந்தன, அண்ணத்தில் ஊதா நிறத்தில் வரும் கபோசி புற்று குறைந்தது. இங்கே ஏ.ஆர்.டி. எனப்படும் இந்தக் கூட்டுச் சிகிச்சையை இலவசமாகத் தரும் திட்டம் 2004 ஏப்ரல் 1 அன்று ஒரு சில மருத்துவமனைகளில் தொடங்கியது, அவற்றில் ஒன்று தாம்பரம். மேற்குக்கும் நமக்கும் இடையே எட்டு ஆண்டு இடைவெளி. அந்த எட்டு ஆண்டில் சோறு விழுங்க முடியாமல் இளைத்துப் போனவர்களை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

வெண்படலம் குறைந்ததற்கு சிடி4 செல்கள் மீண்டது மட்டுமே காரணமா என்று சிலருக்குச் சந்தேகம் வந்தது. சிடி4 ஏறுவதற்கு முன்பே சிலருக்கு வாய் சுத்தமாகிவிட்டது. விடை எதிர்பாராத இடத்தில் இருந்தது. அன்றைய மருந்துகளில் முக்கியமானவை புரோட்டியேஸ் தடுப்பான்கள், ஹெச்.ஐ.வி. தன் புரதங்களை வெட்டி ஒழுங்குபடுத்தப் பயன்படுத்தும் கத்தரிக்கோலை மழுங்கடிப்பவை. கேண்டிடாவும் திசுவைத் துளைக்க ஏறத்தாழ அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கத்தரிக்கோலைத்தான் வைத்திருக்கிறது. வைரஸுக்காகக் கொடுத்த மருந்து பூஞ்சையின் கத்தரிக்கோலையும் மழுக்கியது என்று 1999 வாக்கில் ஆய்வகச் சோதனைகள் காட்டின. இன்று இந்தியாவில் முதல் நிலை மருந்தாகக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கலந்த ஒரே மாத்திரை. அதில் புரோட்டியேஸ் தடுப்பான் இல்லை. ஆக இப்போது வாய் மீள்வது முழுக்க நம் சொந்தச் செல்கள் மீள்வதைப் பொறுத்தது.

அந்தச் செல்கள் எவ்வளவு மீள்கின்றன என்பதில்தான் சிக்கல். நாம் ஏ.ஆர்.டி. மையத்தில் அளப்பது ரத்தத்தில் உள்ள சிடி4ஐ. உடலின் லிம்போசைட்டுகளில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பது சுமார் 2 சதவீதம்தான். மீதி நிணநீர் முடிச்சுகளிலும் குடலிலும் மற்றத் திசுக்களிலும் இருக்கின்றன. தொற்றின் முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரில் சிடி4 செல்கள் பெருமளவு அழிந்துவிடுகின்றன. மருந்து தொடங்கிய பிறகு ரத்தத்தில் எண்ணிக்கை ஏறும் வேகத்தில் அங்கே ஏறுவதில்லை. வாயிலும் காவல் முழுதாகத் திரும்புவதில்லை. வைரஸ் பல ஆண்டுகளாக அடங்கியிருப்பவர்களின் வாய்த் திசுவை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், டி செல்கள் இன்னும் கிளர்ச்சி நிலையிலேயே இருந்தன. அழற்சியை அடக்க வேண்டிய ஒழுங்குபடுத்தும் டி செல்களும் தம் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. ரத்த அறிக்கை எல்லாம் நலம் என்று சொல்லும்போது ஈறுக்குள் ஒரு சிறு நெருப்பு புகைந்துகொண்டிருக்கலாம்.

இதன் ஒரு வெளிப்பாடு 2001இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்தது. கூட்டுச் சிகிச்சை எடுப்பவர்களிடம் வெண்படலம் போன்ற வாய் நோய்கள் குறைய, ஹெச்பிவி வைரஸால் வரும் வாய் மருக்கள் வெகுவாகக் கூடியிருந்தன. எண்ணிக்கை மீண்டாலும் ஒவ்வொரு கிருமிக்கும் எதிரான நினைவு ஒரே மாதிரி மீள்வதில்லை என்பது ஒரு விளக்கம். சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களில் விழித்தெழும் நோயெதிர்ப்பு தூங்கிய கிருமியைப் பார்த்து மிகையாகச் சீறுவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஈறு நோய்க்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் ஒன்றைக் காட்டினார்கள். ஈறைச் சிதைக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் பாக்டீரியா பியூட்டிரிக் அமிலத்தை வெளியிடுகிறது. ஹெச்.ஐ.வி. மறைந்து தூங்கும் செல்கள்மேல் இந்த அமிலம் பட்டால் உள்ளிருக்கும் வைரஸ் மரபணு விழித்துக்கொள்கிறது. மருந்து எடுக்கும் ஒருவரின் உடலிலும் இது நடக்கிறதா, எவ்வளவு என்பது தனிக் கேள்வி. சோதனைக் குழாயை வைத்து ஒருவரைப் பயமுறுத்துவது நியாயமில்லை. ஆனால் ஈறில் ரத்தம் வருகிறது என்று சொல்லும் ஏ.ஆர்.டி. நோயாளியை, பல்லில் படிந்த காரையை எடுக்காமல் அனுப்புவதற்கு இனி சாக்கு இல்லை.

மருந்துகள் வாய்க்குத் தரும் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். ஜிடோவுடின் எடுத்தவர்களுக்கு நாக்கிலும் நகத்திலும் கருமை படியும். அது ஆபத்தில்லாதது, ஆனால் கண்ணாடியில் பார்த்துப் பயந்தவர்கள் ஏராளம். நெவிரபைன் தொடங்கிய முதல் வாரங்களில் வாயெல்லாம் கொப்புளம் போட்டுப் புண்ணானால் அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய புரோட்டியேஸ் தடுப்பான்களில் சில உதட்டைச் சுற்றி மரமரப்பு தந்தன, சில வாயை உலர்த்தின. ஆய்வகத்தில் வளர்த்த ஈறுத் திசுவின் மேல் அவற்றைப் போட்டபோது திசுவின் வளர்ச்சியும் அடுக்கமைப்பும் மாறின. வாய் உலர்வதை மட்டும் யாரும் சிறிதாக எண்ணக் கூடாது. ஹெச்.ஐ.வி.யாலேயே உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள் சிடி8 செல்கள் புகுந்து கன்னத்தோரம் வீங்குவதும் எச்சில் குறைவதும் உண்டு. எச்சில் குறைந்தால் மேலே சொன்ன முதல் காவலே போய்விடுகிறது. பற்சொத்தையும் பூஞ்சையும் பின்னாலேயே வரும்.

2017 முதல் இந்தியாவில் சிடி4 எண்ணிக்கைக்குக் காத்திராமல், தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து தொடங்குகிறார்கள். காவல் செல்கள் பெருமளவு அழியுமுன் மருந்து போய்ச் சேர்வதால், புதிதாகச் சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் வாய் வெண்படலத்தைப் பார்க்காமலேயே வாழ்வார்கள். அதனாலேயே இப்போது அது வந்தால் அதன் பொருள் மாறிவிட்டது. பல மாதங்களாக மருந்து எடுக்கும் ஒருவருக்கு மறுபடி வெண்படலம் வந்தால், ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதாது. மாத்திரை விட்டுப்போனதா, வைரஸ் மருந்தை மீறுகிறதா என்று கேட்டு, வைரஸ் அளவைப் பார்க்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறாரா, சர்க்கரை இருக்கிறதா, பல் செட்டை இரவில் கழற்றாமல் தூங்குகிறாரா என்றும் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்க ஒருவர் அந்த வாயைத் திறந்து பார்க்க வேண்டுமே. ஹெச்.ஐ.வி. என்று சொன்னதும் பல் நாற்காலியில் உட்கார வைக்காமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், அடுத்த முறை சொல்லாமல் மறைப்பார்கள், அல்லது வலியோடு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். 2017இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. கருவிகளைச் சூடேற்றிக் கிருமி நீக்குவதும் கையுறை மாற்றுவதும் எல்லா நோயாளிக்கும் செய்ய வேண்டியவை, இவருக்கென்று தனியாக எதுவும் வேண்டியதில்லை. ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாத்திரை வாங்க வருபவர்கள் அடுத்த முறை போகும்போது, எடை பார்த்து முடித்ததும், வாயையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.